ஏழு ஷில்லிங் கிராமம்

உங்கள் சொந்தத்தில் யாராவது ஒருத்தர் இங்கிலாந்து போய்விட்டு வந்திருப்பார். மகள் பிரசவத்துக்குப் போயிருப்பார், இல்லாவிட்டால் பன்னிரண்டு நாள் பேக்கேஜ் டூர். வந்ததும் ஃபோட்டோ காட்டுவார். லண்டன் பாலம், மெழுகு பொம்மை, அரண்மனை வாசலில் கரடித் தொப்பிக்காரன். எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு கிராமம் வரும். கோரைக் கூரை வேய்ந்த வீடுகள், ஜன்னலோரம் பூந்தொட்டி, சின்னதாக ஒரு சர்ச், வாத்து நீந்தும் ஓடை. தெருவில் ஒரு காகிதத் துண்டு கிடக்காது. அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ஒரு பெருமூச்சு விடுவார். "கிராமம்னா இது கிராமம். நம்மாளுங்களும் இருக்காங்களே..."

அந்தப் பெருமூச்சோடுதான் எனக்குச் சண்டை.

சுத்தத்தோடு சண்டை இல்லை. தெருவைப் பெருக்கி வைத்திருப்பவனை யார் குறை சொல்ல முடியும்? பெருமூச்சுக்குள் ஒரு நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. வெள்ளைக்காரனுக்கு ஒழுங்கு ரத்தத்திலேயே இருக்கிறது. அவன் கிராமம் ஆதிகாலத்திலிருந்து இப்படியே, அமைதியாக, அடிதடி இல்லாமல் இருந்து வருகிறது. சண்டை, பசி, மேல்சாதி, மிராசுதார் எல்லாம் நம் ஊர் வியாதி என்ற நம்பிக்கை. இதைவிடப் பெரிய பொய்யை பிஸ்கட் டப்பா மேல்கூட அச்சடிக்க முடியாது. (அச்சடித்திருக்கிறார்கள். அந்தக் கூரை வீட்டுப் படம் போட்ட டப்பாவில்தான் உங்கள் சித்தி கடுகு போட்டு வைத்திருப்பார்.)

நான் பி.காம். படித்தவன். கவிதை கிவிதை தெரியாது. ஒரு சொத்து பளபளவென்று இருந்தால், அதற்கு யார் பணம் கட்டினார்கள் என்று பேரேட்டைப் புரட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கிலாந்து கிராமத்தின் வரவுப் பக்கம் உங்களுக்குத் தெரியும். பற்றுப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம், வாருங்கள்.

நாடு முழுக்க அலைய வேண்டாம். ஒரே மாவட்டம் போதும். டார்செட். லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் டார்செஸ்டர் என்ற மாவட்டத் தலைநகரம் வந்துவிடும். தாமஸ் ஹார்டி பிறந்து வளர்ந்து நாவல் எழுதிய பிரதேசம். அங்கிருந்து காரில் ஒரே நாளில் பார்த்து முடிக்கக்கூடிய இடங்களைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் மில்டன் அப்பாஸ். நம்ம ஊர் நடிகர் பெயர் மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதீர்கள். மடாலயத் தலைவர் என்ற பொருளில் லத்தீன் வழியாக வந்த பெயர். உங்கள் சொந்தக்காரர் காட்டிய ஃபோட்டோ இந்த ஊராகவே இருக்கலாம். அவ்வளவு அழகு. சரிந்து இறங்கும் ஒரே தெரு. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர், கோரைக் கூரை என்று அச்சில் வார்த்த மாதிரி முப்பத்தாறு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் புல்தரை. இடைவெளிகூட அளந்து விட்டது போல இருக்கும்.

அளந்து விட்டதுதான். அது தானாக முளைத்த கிராமம் இல்லை. பக்கத்திலேயே மிடில்டன் என்று ஒரு பழைய ஊர் இருந்தது. சந்தை, சத்திரங்கள், பள்ளிக்கூடம், நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் என்று ஜனம் புழங்கிய ஊர். பத்தாம் நூற்றாண்டில் அதெல்ஸ்டன் மன்னர் நிறுவிய மடாலயத்தை ஒட்டி வளர்ந்தது. 1752-ல் ஜோசப் டேமர் என்ற பணக்காரர் அந்த மடாலயத்து எஸ்டேட்டை வாங்கினார். அடுத்த வருடமே பிரபுப் பட்டமும் வாங்கினார். மாளிகை கட்ட வேண்டும், மாளிகை ஜன்னலில் நின்றால் பச்சைப் பசேலென்று பூங்கா தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் ஜன்னலுக்கு எதிரே ஊர் தெரிந்தது. புகைபோக்கி, மாட்டு வண்டி, சந்தைக்கூச்சல்.

என்ன செய்வார்? ஊரை எடுத்துவிட்டார்.

ஒரே நாளில் இல்லை. குத்தகை முடிய முடியப் புதுப்பிக்க மறுத்து, வீடு காலியாகக் காலியாக இடித்து, சுமார் இருபது வருடத்தில் ஒரு ஊரையே துடைத்தார். பள்ளிக்கூடத்துப் பையன்கள் தொல்லை தாங்கவில்லை என்று, 1785-ல் நாடாளுமன்றத்தில் சட்டமே போட்டு அந்தப் பள்ளியை பிளான்ட்ஃபோர்டுக்குத் தூக்கிப் போட்டார். ஹாரிசன் என்று ஒரு வக்கீல் மட்டும் வீட்டைக் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். குளத்து மதகைத் திறந்துவிட்டு அவர் வீட்டைத் தண்ணீரில் மிதக்க விட்டார்கள், வக்கீல் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார் என்று இன்றும் அந்தப் பக்கத்தில் கதை சொல்கிறார்கள்.

காலி செய்யப்பட்டவர்களில் சிலருக்காக, மாளிகையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளத்தில் புது ஊர் கட்டப்பட்டது. அதுதான் நீங்கள் ஃபோட்டோவில் பார்க்கும் மில்டன் அப்பாஸ். வடிவமைத்தவர்கள் சாமானியர்கள் இல்லை. வில்லியம் சேம்பர்ஸ், கேப்பபிலிட்டி பிரவுன் என்று அந்தக் காலத்தின் பெரிய கைகள். இன்றைக்கு ஒரு குடும்பம் வசதியாக இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் அன்றைக்கு இரண்டு குடும்பங்கள். நூறு வீட்டுச் சனம் முப்பத்தாறு வீட்டுக்குள் எப்படி அடங்கும் என்று கேட்காதீர்கள். அடங்காதவர்கள் போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்பதற்கு அந்தத் தெருவில் போர்டு கிடையாது.

நம் ஊரில் இதற்குப் பெயர் குடிசை மாற்று. அங்கே பெயர் நிலக்காட்சிக் கலை.

டேமர் ஒரு தனி மனிதக் கிறுக்கர் என்று தள்ளிவிட முடியுமா? முடியாது. அவர் காலத்தில் நாடு முழுக்க அதே வேலைதான் சட்டப்படி நடந்தது. நம்மூர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி, மாடு மேய்க்கவும் சுள்ளி பொறுக்கவும் ஊருக்குப் பொதுவாகப் பாத்தியதை உள்ள நிலம் அங்கேயும் இருந்தது. அதற்கு வேலி கட்டிப் பெரிய மனிதர்கள் பெயரில் எழுதிக்கொள்ள, 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் 5,200-க்கும் மேல். போன நிலம் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகம். அந்த நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? நிலம் வைத்திருந்தவர்கள். விவசாயக் கூலிகளில் பெரும்பாலோருக்கு 1884 வரை ஓட்டே கிடையாது.

வேலி கட்டியதும் என்ன ஆகும்? மாடு போச்சு, சுள்ளி போச்சு. கையில் மிச்சம் கூலி ஒன்றுதான். அந்தக் கூலியையும் குறைத்தால்?

இப்போது டோல்பட்டிலுக்கு வாருங்கள். மில்டன் அப்பாஸிலிருந்து பத்து மைலுக்குள்தான். சில நூறு பேர் வசிக்கும் ஊர். அதே கோரைக் கூரை, அதே சர்ச், ஒரு சின்ன ஆறு. நடுவில் ஒரு பழைய மேப்பிள் இன மரம். சிக்கமோர் என்பார்கள், முந்நூறு வயதுக்கும் மேல். அந்த மரத்தடியில்தான் 1833-ல் சில விவசாயக் கூலிகள் கூடிப் பேசினார்கள் என்பது ஊர் வழக்கு.

பேசியது என்ன? பக்கத்துப் பகுதிகளில் வாரக்கூலி பத்து ஷில்லிங். எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஆகட்டும் என்றார்கள் பண்ணையார்கள். கொடுத்தது ஒன்பது. அப்புறம் எட்டு. அப்புறம் ஏழு. அடுத்து ஆறு என்று தகவல் வந்தது. ஜார்ஜ் லவ்லெஸ் என்ற கூலித் தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்கிறவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், சங்கம் வைக்கலாம் என்றார். விவசாயத் தொழிலாளர் நட்புச் சங்கம். ஒரு வைக்கோல் போரைக்கூட எரிக்கவில்லை. ஒரு கல்லை எடுத்து வீசவில்லை. ஒரு வீட்டு மாடியில் கூடினார்கள். புதிதாகச் சேருகிறவர் கண்ணைக் கட்டி, ஓர் எலும்புக்கூடு ஓவியத்தின் முன்னால் நிறுத்தி, சங்க ரகசியத்தைக் காப்பேன் என்று சத்தியம் வாங்கினார்கள். நாடகத்தனமாக இருக்கிறதா? இருந்துவிட்டுப் போகட்டும். பெரிய மனிதர்களின் கிளப்புகளிலும் இதே மாதிரி சத்தியம்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பகுதியின் பெரிய நிலச்சுவான்தார் ஜேம்ஸ் ஃபிராம்ப்டன். அவரே மாஜிஸ்திரேட். விடுவாரா மனுஷன்? உள்துறை அமைச்சர் மெல்போர்ன் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ஆனால் ஒரு சிக்கல். சங்கம் வைப்பது 1824-லிருந்தே குற்றம் இல்லை. கூலி கேட்பதும் குற்றம் இல்லை. வேறு என்ன கிடைக்கும் என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். 1797-ல் கடற்படையில் கலகம் நடந்தபோது, மாலுமிகள் ரகசியச் சத்தியம் எடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். கிடைத்தது. கடலைக் கண்ணால் பார்த்திருப்பார்களோ என்னவோ, ஆறு உழவர்கள் மீது கப்பல் கலகச் சட்டம் பாய்ந்தது.

1834 பிப்ரவரி 24-ம் தேதி காலையில் கைது. லவ்லெஸ் சகோதரர்கள் இருவர், ஸ்டான்ட்ஃபீல்டு குடும்பத்தில் அப்பா, மகன், ஜேம்ஸ் பிரைன், ஜேம்ஸ் ஹாமெட் ஆக ஆறு பேர். டார்செஸ்டர் நீதிமன்றத்தில் விசாரணை. வழக்குக்கு முகாந்திரம் உண்டா என்று முடிவு செய்யும் பெரிய ஜூரியின் தலைவர் யார் தெரியுமா? உள்துறை அமைச்சர் மெல்போர்னின் மைத்துனர். மார்ச் 19-ம் தேதி தீர்ப்பு. ஏழு வருடம் நாடு கடத்தல். லவ்லெஸ் டாஸ்மேனியாவுக்கு, மற்ற ஐவரும் நியூ சவுத் வேல்ஸுக்கு. அதோடு நின்றதா? பட்டினி கிடந்த அவர்கள் குடும்பங்கள் ஊர் நிவாரணம் கேட்டபோது, ஃபிராம்ப்டன் தரப்பு அதையும் மறுத்தது.

கிரிக்கெட் பார்க்கிற ரசிகர்களுக்கு ஒரு தகவல். பாக்ஸிங் டே டெஸ்ட் நடக்கிற மெல்போர்ன் நகரத்துக்குப் பெயர் கொடுத்தவர் இதே மெல்போர்ன் பிரபுதான். அவர் அனுப்பி வைத்த ஆறு கூலிகளின் பெயரில் அந்தக் கண்டத்தில் பெருநகரம் எதுவும் இல்லை.

இந்த இடத்தில் என் பி.காம். மூளை ஒரு கணக்குப் போட்டது. வாரம் ஏழு ஷில்லிங் என்றால் 52 வாரத்துக்கு 364 ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக, வருடக் கூலி 18 பவுண்டு 4 ஷில்லிங். மழை நாள், நோய் நாள் எதையும் கழிக்காமல். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டோல்பட்டிலுக்குக் கிழக்கே ஏ31 நெடுஞ்சாலையில் போனால் ஒரு செங்கல் மதில் கூடவே வரும். வரும், வரும், வந்துகொண்டே இருக்கும். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கல் என்கிறார்கள். சார்பரோ எஸ்டேட்டின் மதில். 1841-42 வாக்கில் கட்டியவர் எர்ல்-டிராக்ஸ் என்ற சீமான். சாலை டிரஸ்டுக்கும் அவரே தலைவர். அதனால் பொதுச்சாலையையே கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு மதில் எழுப்பினார். அந்தக் குடும்பத்துக்கு பார்படாஸ் தீவில் கரும்புத் தோட்டம் இருந்தது. தோட்டத்தில் அடிமைகள் இருந்தார்கள்.

டோல்பட்டில் ஆறு பேர் கப்பலேறிய அதே 1834-ல், ஆகஸ்ட் 1 முதல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது. நல்ல விஷயம். நஷ்ட ஈடும் கொடுத்தார்கள். மொத்தம் இரண்டு கோடி பவுண்டு. அடிமைகளுக்கு என்று நினைத்தீர்களா? எஜமானர்களுக்கு! அடிமைகளுக்கு ஒரு பென்னி இல்லை. மேற்கொண்டு சில வருடம் சம்பளமில்லாமல் வேலை பழகச் சொன்னார்கள். 189 அடிமைகளுக்காக எர்ல்-டிராக்ஸுக்குக் கிடைத்தது 4,293 பவுண்டுக்கு மேல். வகுத்துப் பாருங்கள். தலைக்கு 22 பவுண்டுக்குச் சற்று அதிகம்.

அதாவது, ஓர் அடிமையை இழந்த சீமானுக்கு அரசாங்கம் கொடுத்த ஆறுதல் தொகை, டார்செட்டின் 'சுதந்திர' உழவனுடைய ஒரு வருடக் கூலியைவிட அதிகம். அந்த உழவன் கூட ஒரு மூன்று ஷில்லிங் கேட்டதற்குத்தான் ஆஸ்திரேலியா. நஷ்ட ஈட்டுக்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் அரசு எப்போது அடைத்து முடித்தது தெரியுமா? 2015-ல். இதுவும் அழகான இங்கிலாந்துதான். மதில்மேல் மான் சிலை வைத்த வளைவு வாசல்கூட இருக்கிறது. ஃபோட்டோ பிரமாதமாக வரும்.

அப்படியே தெற்கே மோர்ட்டன். ஃபிராம்ப்டன் குடும்பத்தின் ஊர். லாரன்ஸ் ஆஃப் அரேபியா படம் பார்த்திருப்பீர்களே, அந்த லாரன்ஸின் கல்லறை இங்கேதான். 1935-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அவர் கடைசியில் குடியிருந்த கிளவுட்ஸ் ஹில் குடிசையும் முதலில் ஃபிராம்ப்டன் குடும்பத்துச் சொத்துதான். சர்ச்சின் கண்ணாடி ஜன்னல்கள் 1940-ல் குண்டு விழுந்து நொறுங்கின. பிறகு லாரன்ஸ் விஸ்லர் என்ற கலைஞர் நிறமில்லாத கண்ணாடியில் செதுக்கிய ஜன்னல்களை வைத்தார்கள். அற்புதமான வேலை, மறுப்பதற்கில்லை. அதில் ஒன்று யூதாஸை மன்னிக்கும் ஜன்னல். அதை வைக்கலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கி 2014-ல்தான் பொருத்தினார்கள். பார்க்கிறவர்கள் கல்லறையைப் பார்ப்பார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள், டீ குடிப்பார்கள். கொஞ்ச தூரத்தில் இருக்கும் டோல்பட்டிலையும் இந்த ஊரையும் சேர்த்து முடிச்சுப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

கடைசியாக ஓர் ஊர். அதற்குக் கூரையே இல்லை.

கடலோரம் டைன்ஹாம். 1943 நவம்பரில் சுமார் 225 பேருக்கு ஒரு கடிதம் வந்தது. ராணுவப் பயிற்சிக்கு நிலம் தேவை, டிசம்பர் 19-க்குள் காலி செய்யுங்கள். கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் முன்னால். போர்க்காலம், ஹிட்லரை முறியடிக்க வேண்டும், யாரும் முனகவில்லை. போகும்போது சர்ச் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள்: சர்ச்சையும் வீடுகளையும் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்று.

ஹிட்லர் போனார். டைன்ஹாம்காரர்கள் வரவில்லை. 1948-ல் அரசாங்கம் கட்டாயமாக நிலத்தைக் கையகப்படுத்திக்கொண்டது. இன்றைக்கும் அது பீரங்கிப் பயிற்சி மைதானம். பெரும்பாலான வார இறுதிகளில் மட்டும் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். மொட்டைச் சுவர்கள். பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் கோட்டு மாட்டிய கொக்கிகள் அப்படியே இருக்கின்றன. நஷ்ட ஈடு? குடியிருந்தவர்கள் வாடகைக்கு இருந்தவர்கள். நிலம் சீமானுடையது. அதனால் அவர்களுக்குக் கிடைத்தது தோட்டத்தில் விளைந்து நின்ற காய்கறிக்கு விலை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊருக்கு முட்டைக்கோஸ் கணக்கில் செட்டில்மென்ட்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். டோல்பட்டில் கதையை வைத்து 1986-ல் 'காம்ரேட்ஸ்' என்று ஒரு சினிமா வந்தது. அதற்குப் பழைய கிராமம் தேவைப்பட்டபோது படப்பிடிப்பு நடத்தியது இந்த டைன்ஹாமில். விரட்டப்பட்டவர்களின் கதைக்கு விரட்டப்பட்டவர்களின் ஊர் செட் ஆனது.

"சரி சார், வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனை மிதித்தான். நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

டோல்பட்டில் வழக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனித்தீர்களா? கூலி கேட்டான் என்று குற்றப்பத்திரிகையில் எழுதவே இல்லை. சத்தியம் செய்தான் என்று எழுதினார்கள். அந்த நுட்பம் கப்பலேறி நம் கரைக்கும் வந்தது. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பக்கபலமாக நிற்க, வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கினார்கள். அதே வருடம் ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டைத் தீவாந்திர தண்டனை, மொத்தம் நாற்பது வருடம். மேல்முறையீட்டில் குறைந்தது என்பது வேறு விஷயம். வழக்கில் கூலி என்ற வார்த்தைக்கு இடமே இல்லை. எழுதிய குற்றம் ராஜத்துரோகம். தீவாந்திரம் என்று நாம் சொல்கிறோமே, லவ்லெஸ்ஸுக்கு டார்செஸ்டர் கோர்ட்டில் விதித்ததும் அதே தண்டனைதான்.

இங்கிலாந்தில் 1871-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்துவிட்டது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு. அப்புறம் அரை நூற்றாண்டு கழித்து இங்கே என்ன நடந்தது? 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. போன்றவர்கள் தோள் கொடுத்தார்கள். 1920-ல் பின்னி நிர்வாகம் வாடியா மீது நஷ்ட ஈடு வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கியது. லண்டனில் சட்டப்படி சரியான ஒரு காரியம் பெரம்பூரில் நஷ்ட ஈட்டுக் குற்றம். இந்தியாவுக்கான தொழிற்சங்கச் சட்டம் 1926-ல்தான் வந்தது. ஒழுங்கு ரத்தத்தில் இருந்தால் கடல் தாண்டும்போது எப்படிக் காணாமல் போகும்?

ஆக, அங்கே ரத்தம் வேலை செய்யவில்லை. சண்டை வேலை செய்தது. டோல்பட்டில் தீர்ப்புக்கு எதிராக 1834 ஏப்ரல் 21-ல் லண்டனில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்தோடு மனு போனது. மெல்போர்ன் வாங்க மறுத்தார். விடாமல் இரண்டு வருடம் கத்தினார்கள். 1836 மார்ச்சில் மன்னிப்பு வந்தது. கடல் தாண்டி அவர்கள் வீடு திரும்ப இன்னும் ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை ஆனது. திரும்பிய ஆறில் ஐந்து பேர் பிறகு இங்கிலாந்தே வேண்டாம் என்று கனடாவுக்குப் போய்விட்டார்கள். டோல்பட்டிலில் தங்கியவர் ஜேம்ஸ் ஹாமெட் ஒருவர்தான். கண் பார்வை போய், 1891-ல் டார்செஸ்டர் ஏழைகள் விடுதியில் இறந்தார்.

இன்றைய சுத்தமும் அதே மாதிரி சண்டை போட்டு, சட்டம் எழுதி, வரி கட்டி வந்ததுதான். ஊருக்கு ஊர் சிவில் பேரிஷ் கவுன்சில் வந்தது 1894 சட்டத்தால். பழைய வீட்டின் கூரையை, ஜன்னலை இஷ்டத்துக்கு மாற்ற முடியாதபடி பட்டியல் போட்டுக் காப்பாற்றுவது 1947 சட்டத்தில் வலுவாக வேர்விட்ட ஏற்பாடு. மில்டன் அப்பாஸில் வீட்டுக்காரர் ஒருவர் கூரையை எடுத்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் போட ஆசைப்பட்டால், அவரது அழகுணர்ச்சி தடுக்காது. சட்டம் தடுக்கும், அபராதம் தடுக்கும். தெருவைப் பெருக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். இதெல்லாம் நம் ஊராட்சிக்கும் சாத்தியமான சமாசாரம். நம்மாளுங்க இப்படித்தான் என்று பெருமூச்சு விட்டு ஃபோட்டோவை மூடிவிட்டால், கேட்க வேண்டிய கேள்வி எதையும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பெருமூச்சில் அந்தச் சௌகரியம் இருக்கிறது.

அழகான இடத்துக்குப் போய் எதற்காக அழுக்கைக் கிளற வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பதில். கிளறியது நான் இல்லை. டோல்பட்டிலில் ஆறு சின்ன வீடுகள் வரிசையாக இருக்கின்றன. சம்பவத்தின் நூற்றாண்டில், 1934-ல், பிரிட்டிஷ் தொழிற்சங்கக் கூட்டமைப்பான டி.யு.சி. கட்டியது. வயதான விவசாயத் தொழிலாளர்கள் குடியிருக்க. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு பேரில் ஒருவர் பெயர். நடுவில் அருங்காட்சியகம். ஹாமெட்டின் கல்லறைக்கு அதே வருடம் கல் வைத்தார்கள். ஜூலை மாதங்களில் திருவிழா மாதிரி ஊர்வலம், கொடி, பேண்டு. டார்செஸ்டரில் அவர்களைத் தண்டித்த அதே நீதிமன்றக் கட்டடம் 2018-ல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. குற்றவாளிக் கூண்டு இன்னும் இருக்கிறது. ஃபிராம்ப்டன் வாரிசுகளோ மெல்போர்ன் பிரபுவோ முதலில் வந்து இதைச் செய்யவில்லை. தோற்றவர்களின் பக்கத்திலிருந்தவர்கள், சந்தா கட்டி, நூறு வருடம் ஞாபகம் வைத்திருந்து, செய்தார்கள். அந்தக் கிராமத்தில் பார்த்துவிட்டு வந்து பெருமூச்சு விட ஏதாவது உண்டென்றால் இதற்கு விடுங்கள்.

இங்கிலாந்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறீர்களா? அவசியம் போய் வாருங்கள். டூர்க்காரரிடம் கூரை வீட்டுத் தெருவோடு டோல்பட்டிலையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஃபோட்டோ தாராளமாக எடுங்கள். ஊருக்கு வந்து காட்டும்போது, பூந்தொட்டி வந்த இடத்தில் மூன்றே மூன்று கேள்வி: இங்கே கூலி எவ்வளவு இருந்தது? கூடக் கேட்டவன் யார்? கேட்டவனை எங்கே அனுப்பினார்கள்?

அடுத்த விடுமுறைக்கு உங்கள் சொந்த ஊருக்குப் போகும்போதும் இதே மூன்று கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். விசா வேண்டியதில்லை.